அகரத்தைத் திறக்கும் மூட்டு

எழுத்துகளின் பிறப்பைச் சொல்லப் புகுந்த தொல்காப்பியர் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களை எண்ணுகிறார். தாடை அந்தப் பட்டியலில் இல்லை. ஆயினும் அகரமும் ஆகாரமும் வாயை அங்காத்தலால் பிறக்கும் என்கிறார். அங்காத்தலுக்கு இடந்தருவது தாடை மூட்டு. ஆண்டுதோறும் பிறப்பியலைப் பாடம் நடத்தும் நாம், அப்படியொரு மூட்டு இருப்பதை அது நலிந்த பிறகே அறிந்தோம்.

விடைத்தாள் திருத்தும் பருவமொன்றில் இடக்காதில் தொடங்கிய வலி பொட்டுக்கும் பிடரிக்கும் பரவிற்று. காது மருத்துவர் ஒருவர் காதில் குறையில்லை என்றார். பல் மருத்துவர் ஒருவர் கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்கினார். பல் போயிற்று, வலி போகவில்லை. தென்காசிக்காரர்களுக்குக் கழுத்துப் பிடித்தால் குற்றாலம்தானே நினைவுக்கு வரும்? சாரல் காலத்தில் ஐந்தருவியில் பிடரியைக் காட்டி நின்றோம். நீர் அடித்த அடியில் கழுத்து இளகிற்று. மாலைக்குள் வலி திரும்பிற்று. கடைசியாக மற்றொரு மருத்துவர் எம் காதுகளுக்கு முன்னால் விரல்களை வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். இடப்புறம் 'களுக்' என்றது. அழுத்தியபோது, நாம் அத்தனை நாள் காதுவலி என்று சொல்லிவந்த அதே வலி எழுந்தது.

வலிக்கும் இடம் ஒன்று, வலியின் வேர் வேறொன்று என்பதே இந்நோயின் இயல்பு. தாடை மூட்டு கதவின் கீல்போல் சுழல்வது மட்டுமன்று, முன்னோக்கி வழுக்கவும் செய்கிறது. எலும்புகளுக்கிடையே மெல்லிய வட்டு ஒன்று உண்டு. பல்லைக் கடிக்கும் பழக்கம், மனவிறுக்கம், அடிபடுதல், மூட்டுத் தேய்வு ஆகியவற்றால் தசைகளோ வட்டோ நலியலாம். முகத்தின் உணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பும் மேல்கழுத்தின் நரம்புகளும் மூளைத்தண்டில் ஓரிடத்தில் கூடுவதால், தாடையின் முறையீடு தலையிலும், கழுத்தின் முறையீடு முகத்திலும் கேட்கிறது.

1934இல் ஜேம்ஸ் காஸ்டன் என்னும் அமெரிக்கக் காது மருத்துவர் இத்தொடர்பை எழுதினார். பற்கள் இழந்து கடி குலைவதே காரணம் என்பது அவர் துணிபு. அது முழு விளக்கமன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 2020இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை, இந்நோயர்கள் பல் மருத்துவத்துக்கும் பொது மருத்துவத்துக்கும் இடையே கைவிடப்படுவதைச் சுட்டியது. எம் கடைவாய்ப் பல் விழுந்ததும் அந்த இடைவெளியில்தான்.

எனவே எம் கருத்து இது: மீட்க முடியாததைச் செய்யுமுன் மீட்கக்கூடியதைச் செய்துபார்க்க வேண்டும். பல்லைப் பிடுங்குவதும், கடியைச் சரிசெய்வதாகப் பற்களை ராவுவதும், அறுவையும் திரும்பப் பெற இயலாதவை. நோயைப் புரிந்துகொள்ளுதல், மென்மையான உணவு, வெந்நீர் ஒற்றடம், முறையான தாடைப் பயிற்சி, பல் கடிக்கும் பழக்கத்தை விடுதல் ஆகியவை எளியவை. பெரும்பாலோர்க்கு இவையே போதும். வலியில்லாத வெறும் 'களுக்' ஒலிக்குச் சிகிச்சையே வேண்டியதில்லை. ஆனால் வாய் திடீரெனப் பூட்டிக்கொண்டாலோ, ஐம்பது வயதைக் கடந்தவர்க்குப் புதிய தலைவலியோடு மெல்லும்போது தாடை வலித்துப் பார்வை மங்கினாலோ, நடக்கையில் நெஞ்சும் தாடையும் சேர்ந்து வலித்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இதையெல்லாம் இலக்கிய வாசகர்களிடம் சொல்வானேன் என்று கேட்கலாம். நள்ளிரவு வரை பற்களை இறுகக் கடித்தபடி படிப்பவர்களும் எழுதுபவர்களும் நாம்தாம். உண்ணாத வேளையில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடவே கூடாது என்பதை எமக்கு யாரும் சொன்னதில்லை.

எமக்குக் கற்பிக்கப்பட்ட ஓய்வுநிலை எளிது. 'ன்' என்று ஒலித்து, நாவை அண்ணத்தில் அப்படியே விட்டு, பற்களைப் பிரித்து, இதழ்களை மெல்ல மூடுவது. நம் நெடுங்கணக்கு அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிகிறது. முதலெழுத்தில் திறக்கும் தாடை கடையெழுத்தில் இளைப்பாறுகிறது. பாடம் முடிந்து வகுப்பைவிட்டு வெளிவரும்போதெல்லாம் இப்போது நாம் ஒருமுறை 'ன்' சொல்லிக்கொள்கிறோம்.