சாமி கும்பிடுகிறவன் ஓட்டு யாருக்கு?

"நாம் சாமி கும்பிடுகிற ஜனங்கள். நம் ஓட்டை யாருக்குப் போடுவது?"

காஞ்சிபுரத்தில் தேர்தல் வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். இதை யாரும் மேடை ஏறிக் கேட்பதில்லை. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவார்களே, அங்கே கேட்பார்கள். கை வேலை செய்துகொண்டிருக்கும். வாய் அரசியல் பேசும்.

அப்படிப்பட்ட தெருவில் பிறந்தவன் நான். "அப்பா பழைய பஞ்சாங்கம்" என்று என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்யட்டும்! வெள்ளிக்கிழமை காமாட்சி அம்மன் கோவிலுக்குப் போகாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கடன் வாங்கி ஆடம்பரம் செய்வது பிடிக்காது. பெரியவர்கள் எதிரே கால் நீட்டி உட்கார மாட்டேன். என்னைப் போன்றவர்கள் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்பது பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன்.

கவர்னரும் முதல் மந்திரியும்

அமெரிக்காவில் 50 மாநிலங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மாநிலத்திலும் கவர்னரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கேயும் நம்மைப் போன்றவர்கள் உண்டு. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். பழைய ஒழுக்கம் கெடக்கூடாது, வரி ஏறக்கூடாது என்கிறவர்கள். கவர்னர் தேர்தல் வந்தால் 'நம் ஆள் யார்?' என்று அவர்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் நடக்கும்.

நம் நாட்டில் கவர்னரை ஜனாதிபதி நியமிக்கிறார். ஜனங்களே தேர்ந்தெடுக்கலாம் என்ற யோசனை இங்கும் இருந்தது. அரசியல் சட்டம் எழுதியபோது முதலில் அப்படித்தான் பேசினார்கள். 1949-ல் அதை மாற்றிவிட்டார்கள். கவர்னரும் 'ஜனங்கள் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்' என்பார். முதல் மந்திரியும் அதையே சொல்வார். ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்க முடியுமா?

ஆகவே நம்மை ஆளப்போவது யார் என்பது சட்டசபைத் தேர்தலில்தான் முடிவாகிறது. நம் தொகுதி அபேட்சகருக்குப் போடும் ஓட்டு, முதல் மந்திரி நாற்காலிக்கும் போடும் ஓட்டு.

சொந்த ஊரில் தோற்றவர்

அறிஞர் அண்ணா 1909-ல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1957-ல் இதே ஊரில் நின்று ஜெயித்தார். 1962-ல் இதே ஊரில் தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் காங்கிரசின் நடேச முதலியார். பஸ் கம்பெனி நடத்தியவர். வித்தியாசம் ஏறக்குறைய 9,000 ஓட்டு. வேடிக்கை என்னவென்றால், அதே தேர்தலில் தி.மு.க. 15 இடத்திலிருந்து 50 இடத்துக்கு உயர்ந்தது. கட்சி ஜெயித்தது. தலைவர் சொந்த ஊரில் தோற்றார்!

பணம் விளையாடிவிட்டது என்று தோற்ற கட்சியார் சொன்னார்கள். அது இருக்கட்டும். அப்போது நான் பள்ளிக்கூடத்துச் சிறுவன். எங்கள் அப்பா அண்ணாவுக்கு ஓட்டுப் போடவில்லை. பணத்துக்காக அல்ல. "சாமி இல்லை என்றவரோடு இருந்தவர்தானே?" என்பார். பெரியாரை விட்டு அண்ணா பிரிந்தது 1949-ல். கடவுள் ஒருவர் உண்டு என்பதே தம் கொள்கை என்று அண்ணா எத்தனையோ கூட்டத்தில் சொன்னார். அப்பாவுக்குச் சந்தேகம் தீரவில்லை.

ஐந்து வருஷம் கழிந்தது. 1967-ல் அதே அப்பா உதயசூரியனுக்கு ஓட்டுப் போட்டார்!

ராஜாஜி சொன்னார்

காரணம் ராஜாஜி. அவரைவிடப் பழமையில் பற்றுள்ளவர் யார்? ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் வீட்டுப் பெண்களுக்கும் புரியும் தமிழில் எழுதியவர். 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். மேற்கு வங்காளத்தின் கவர்னராக இருந்து, இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் உயர்ந்தவர். 1952 முதல் 1954 வரை இங்கே முதல் மந்திரி. வேட்டி, சேலை நெசவைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று டில்லியிடம் வாதாடினார். எங்கள் தெரு அதை மறக்கவில்லை. அதே சமயத்தில், 1953-ல், அண்ணா திருச்சி தெருக்களில் கைத்தறித் துணியைக் கூவி விற்றார். அதையும் மறக்கவில்லை.

எதற்கெடுத்தாலும் லைசென்சு, பர்மிட் என்று சர்க்கார் மூக்கை நுழைக்கிறது என்று கோபம் கொண்ட ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சியை ஆரம்பித்தார். 1967-ல் தி.மு.க.வுடன் கூட்டுச் சேர்ந்தார். அந்த அணியில் மார்க்சிஸ்டுகளும் இருந்தார்கள்! கோவிலுக்குப் போகிறவரும், கோவிலே வேண்டாம் என்பவரும் ஒரே பக்கம்.

எங்கள் ஊர்ச் சேலையில் கோர்வை என்று ஒன்று உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தனித்தனி நாடாவில் நெய்து இரண்டையும் கோர்ப்பார்கள். "இது அரசியல் கோர்வை" என்று அப்பா சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது.

அம்மா சிரிக்கவில்லை.

"என்னங்க, போன தடவை அவங்களுக்குப் போட்டால் பாவம்னீங்களே?"

"ராஜாஜியே சொல்லிவிட்டாரே!"

"ராஜாஜியா வந்து நம்ம வீட்டில் உலை வைக்கிறார்? அரிசிக் கடையில் நிற்கிறது நான். நான் யோசித்துத்தான் போடுவேன்."

அம்மாவுக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். அவளும் உதயசூரியனுக்குத்தான் போட்டாள். ஆனால் அப்பா போட்டது ராஜாஜி சொன்னதற்காக. அம்மா போட்டது அரிசிக்காக. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. சொல்லியிருந்தது. விருதுநகரில் காமராஜரே தோற்ற தேர்தல் அது. அண்ணா முதல் மந்திரி ஆனார். 1967 மே மாதம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார்கள். காஞ்சிபுரத்துக்கு வரவில்லை.

"எங்கே என் படி அரிசி?" வீட்டுக்கு வந்த கட்சிக்காரர் ஒவ்வொருவரிடமும் அம்மா கேட்டாள். அண்ணா மீது அவளுக்கு மரியாதை இருந்தது. 1969 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது அடுப்பு மூட்டாமல் அழுதாள். ஆனாலும் கணக்கு கணக்குதான்!

ராஜாஜியும் பிறகு மாறினார். 1971 தேர்தலில் காமராஜரோடு சேர்ந்து தி.மு.க.வை எதிர்த்தார். தோல்விதான் கிடைத்தது. அந்த ஆண்டிலேயே, அவர் எவ்வளவோ சொல்லியும், மதுவிலக்கை நீக்கினார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் புண் ஆறவில்லை. 'சாமி கும்பிடும் ஜனங்கள் மொத்தமாக இந்தக் கட்சிக்கு' என்று யாராவது சொன்னால் நான் நம்பாததற்கு இதுதான் காரணம். மொத்தமாக வாங்கியவர் ஐந்து வருஷம் திரும்பிப் பார்க்கமாட்டார்.

கல்லில் வெட்டிய சட்டம்

பழமை என்று பேசினால் எங்கள் ஜில்லாவில் இருக்கும் உத்திரமேரூரைச் சொல்ல வேண்டும். அங்கே வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், சுமார் 1,100 வருஷங்களுக்கு முன்பு, தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டினார்கள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். யார் நிற்கலாம்? வயது 35-க்கு மேல், 70-க்குள். சொந்த மனையில் வீடு. வேதப் படிப்பு. யார் நிற்கக்கூடாது? முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன். அவன் மட்டுமல்ல, அவன் உறவுக்காரர்களும் கூடாது!

அந்தச் சபையில் என்னைப் போன்ற நெசவாளிக்கோ, என் அம்மாவைப் போன்ற பெண்ணுக்கோ இடம் கிடையாது. அந்தப் பழமை போனது நல்லது. கணக்குக் கேட்கும் பழமை மட்டும் போகாமல் இருந்திருக்கலாம்.

சூடமும் கவரும்

சில தேர்தல்களுக்கு முன்பு, ஒரு ராத்திரி. எங்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இரண்டு பேர். ஒருவன் கையில் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, சூடம், சாமி படம். இன்னொருவன் கையில் கவர். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை.

"அக்கா, படத்தின் மேல் கை வைத்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்."

அவள் விதவை. பட்டு முறுக்கிப் பிழைப்பவள். இரண்டு பெண் குழந்தைகள். கவரை வாங்கினாள். சத்தியம் செய்தாள். மறுநாள் என்னிடம் வந்து அழுதாள்.

"அண்ணா, என் மனசு வேறு ஆளுக்குப் போடச் சொல்கிறது. சத்தியத்தை மீறினால் குழந்தைகளுக்கு ஏதாவது ஆகுமா?"

பழைய பஞ்சாங்கமான நான் அவளிடம் சொன்னேன்: "அம்மன் தரகு வேலை பார்ப்பதில்லை, அம்மா. காசுக்காக வாங்கிய சத்தியம் சத்தியமே அல்ல. ஓட்டுப் போடும் இடத்தில் உன்னை யாரும் எட்டிப் பார்க்க முடியாது."

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஓட்டு ரகசியமானது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். 'சாமி குத்தம் வரும்' என்று பயமுறுத்தி ஓட்டு வாங்குவது முறைகேடு என்று 1951-ல் வந்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே கூறுகிறது. கோவில் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் பயம் ஜெயித்தது. சத்தியம் செய்த சின்னத்துக்கே போட்டுவிட்டதாகப் பிறகு சொன்னாள். நான் திட்டவில்லை. அவளைத் திட்டி என்ன பயன்? அவள் பக்தியைப் பிடித்து இழுத்தானே, அவனையல்லவா திட்ட வேண்டும்! கோவில் திருவிழாவில் முன் வரிசையில் நின்று மாலை வாங்கிக்கொள்கிறவன் அவன். பழமையில் பற்றுள்ளவர்கள் கோபப்பட வேண்டியது அவன் மீது. சாமி இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஓட்டுக் கேட்கிறவனைவிட, சாமியைக் கவருக்குள் வைத்துக் கேட்கிறவன்தான் பக்திக்குப் பெரிய பகை.

"அந்தப் பணத்தை உண்டியலில் போட்டுவிடட்டுமா, அண்ணா?" என்று கடைசியாகக் கேட்டாள்.

"அம்மனுக்கு அது வேண்டாம்" என்றேன். "அடுத்த தடவை தட்டு வந்தால் கதவைத் திறக்காதே. விடிந்த பிறகு வரச் சொல். வந்தால், போன ஐந்து வருஷக் கணக்கைக் கேள்."