ஒரு பத்மினி பிழைக்க நாலு பத்மினி

2023 அக்டோபர் 30-ஆம் தேதியோடு மும்பைச் சாலைகளிலிருந்து கடைசி பத்மினி டாக்ஸியும் விடைபெற்றது. 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவான வண்டி அது. டாக்ஸிகளுக்கு விதித்த 20 ஆண்டு வரம்பு அதற்கு முடிந்துவிட்டது. ஒன்றையாவது பாதுகாத்து வையுங்கள் என்று டாக்ஸிக்காரர்கள் சங்கம் கேட்டது நியாயமே. ஆனால் நிறுத்திவைத்துப் பார்ப்பது வேறு, ஓட்டுவது வேறு. ஓட வேண்டுமானால் உதிரி வேண்டும், உதிரிக்கு உடைத்த வண்டி வேண்டும். பழைய கார்ப் பிரியர்கள் வெளியே சொல்லக் கூசும் கணக்கு இது: ஒரு பத்மினி பிழைக்க நாலு பத்மினி சாக வேண்டும். அந்த நாலையும் எப்படிச் சாகவிடுகிறோம் என்பதில்தான் நம் சட்டம் கோட்டை விடுகிறது.

செம்பூருக்கு அண்டையிலுள்ள குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையில் 1964-இல் ஃபியட் 1100 டிலைட்டாகப் புறப்பட்ட கார், 1970களில் பத்மினியாகப் பெயர் மாறி, 2000-ஐ ஒட்டி நின்றுபோனது. முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங், 1089 சி.சி. பெட்ரோல் என்ஜின் என்று அடிப்படை பெரிதாக மாறவே இல்லை. அதனால் எந்த ஆண்டு வண்டிக்கும் எந்த ஆண்டு உதிரியும் சேரும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். புதிதில் 68 மில்லிமீட்டராக இருந்த சிலிண்டர், ஒவ்வொரு முறை உட்சுவரைக் கடைந்து ‘போர்’ செய்யும்போதும் கொஞ்சம் அகலும். கிராங்க்கைக் கடைந்தால் பேரிங்கும் அளவு மாறும். பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய டாக்ஸி என்ஜினுக்கு, பெட்டி பிரிக்காத அசல் பிஸ்டன் கிடைத்தும் பிரயோஜனமில்லை. ஒன்று அளவு கூடிய பிஸ்டன் வேண்டும், இல்லையேல் ஸ்லீவ் போட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சரியான உதிரி எது என்பதை மாடல் பெயர் மட்டும் சொல்லிவிடாது, மைக்ரோமீட்டரும் சொல்ல வேண்டும்.

வேறு என்ஜினை வைத்துவிட்டால் போயிற்று என்பார்கள். கனமான டீசல் என்ஜினை ஏற்றினால் மூக்கு தாழும். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்ற வேண்டிவரும். அதைவிடப் பெரிய தடை சட்டம். 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதி, 50 ஆண்டு கடந்த வண்டிக்கு ‘வி.ஏ.’ வரிசை எண்ணைத் தருகிறது. ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்கிறது. அதே ஆண்டு அதே மத்திய அரசு கொண்டுவந்த வாகன உடைப்பு விதிகளோ, ஆயுள் முடிந்த வண்டியைப் பதிவு பெற்ற மையத்துக்குப் போகச் சொல்கின்றன. அங்கே எடைக்கு விலை கிடைக்கும் இரும்பாகவே பத்மினி போனால், அசலாக வைத்திரு என்று கேட்கும் அரசே அசலை உலைக்கு அனுப்பியதாகும். 1990-இல் பதிவான வண்டி விண்டேஜ் ஆக 2040 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அதைத் தாங்கப்போவது எது? பழைய உதிரிதான்.

பழைய உதிரிச் சந்தை திருட்டு வண்டிக்கு வாசல் திறக்கும் என்ற அச்சத்தில் உண்மை உண்டு. சென்னைப் புதுப்பேட்டையானாலும் குர்லாவானாலும் அந்தச் சந்தேகம் ஒட்டியே இருக்கிறது. அதற்கு மருந்து, எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று எண் குறித்த ரசீது. அதை எளிதாகத் தரக்கூடியவை பதிவு பெற்ற மையங்களே. தேய்ந்த உதிரி உயிருக்கு ஆபத்து என்பதும் சரிதான், பாதி அளவுக்கு. ரப்பர் புஷ், கிங்பின் போன்றவற்றை மறுபடி மாட்டக் கூடாது. ஆனால் என்ஜின் பிளாக்கும் கியர்பாக்ஸ் கூடும் விரிசல் சோதனைக்குப் பின் இன்னொரு ஆயுளைத் தாங்கும். தேய்ந்த கிங்பின்கூட வீணில்லை. தேயாத முனையில் அளவு மிஞ்சியிருக்கும், லேத் பட்டறை புதிது கடைய அது போதும்.

பணக்காரர் பொழுதுபோக்குக்கு அரசு ஏன் மெனக்கெட வேண்டும்? பிரிட்டனில் எம்.ஜி.பி. கார் உற்பத்தி நின்று எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1988-இல், பழைய அச்சுகளைக் கொண்டே முழு பாடியையும் மறுபடி தயாரித்தார்கள். அதில் சம்பளம் வாங்கியவர்கள் தொழிலாளிகள். இங்கே அந்த வேலை காயலான் கடைக்கும் கடைசல் பட்டறைக்கும் போகும். அலுமினியத்தை உருக்கிப் பாளமாக்கும் உலைகள் உள்ள மும்பைத் தாராவியில் மறுசீரமைப்பு வரும்போது இப்பட்டறைகளுக்கு இடம் எங்கே என்பதும் சேர்த்தே கேட்க வேண்டிய கேள்வி. உடனடியாக வேண்டியது சிறியது: உற்பத்தி நின்றுபோன மாடல் உடைக்க வந்தால், நசுக்கும் முன் என்ஜின், கியர்பாக்ஸ், அச்சு ஆகியவற்றைக் கழற்றி, எண் குறித்து, ஆறு மாதம் விற்பனைக்கு வைக்கும்படி விதியில் ஒரு பத்தி.