மாடு புல்லிடம் இருக்கட்டும், பால் ரயிலில் வரட்டும்

'கறந்த பால்' என்ற சொல்லுக்கு நம்மவர்களிடம் இருக்கும் மயக்கம் தனி. லேக் மார்க்கெட் பக்கம் இரண்டு தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்களில் இன்றும் ஒரு கொள்கை உண்டு. பாக்கெட் பாலில் போட்டால் அது காப்பியே அல்ல. கண்ணெதிரே கறந்த எருமைப் பாலாக இருக்க வேண்டும். காய்ச்சினால் மேலே விரல் கனத்துக்கு ஏடு படிய வேண்டும். நல்ல டிகாக்ஷனுக்கு நல்ல பால் வேண்டும் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்தப் பால் எங்கிருந்து வருகிறது, பாலைத் தவிர வேறு என்னென்ன அங்கிருந்து புறப்படுகிறது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

வங்காளத்தில் இதற்குக் 'காட்டால்' என்று பெயர். நகரத்துக்குள்ளேயே தகரக் கூரையின் கீழ் இருபது, முப்பது, சில இடங்களில் நூறு மாடுகள் வரை வரிசையாகக் கட்டியிருக்கும் கொட்டில். நடத்துபவர்கள் பெரும்பாலும் பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த பால்காரர்கள். உழைப்பாளிகள், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வேலையைத் தொடங்குபவர்கள். அவர்களைக் குறை சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. ஒரு காலத்தில் காட்டால் இல்லாமல் இந்த நகரத்துக் குழந்தைகளுக்குப் பாலே கிடைத்திராது. குளிரூட்டும் வசதி இல்லாத நாளில் பால் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் தாங்காது. எனவே பாலை நகரத்துக்குக் கொண்டு வர முடியாமல் மாட்டையே கொண்டு வந்தார்கள். அன்றைக்கு அது சரியான ஏற்பாடுதான். இன்றைக்கும் அதே ஏற்பாடு தொடர்வதுதான் கோளாறு.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பகுதியில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். எதையும் எடையாகவும் தூரமாகவும் பார்ப்பது எங்கள் தொழில் புத்தி. அப்படிப் பார்ப்போம். ஓர் எருமைக்கு வைக்கோல், பசும்புல், பிண்ணாக்கு, தவிடு எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 25, 30 கிலோ தீனி ஆகும். குடிக்க மட்டும் 50, 60 லிட்டர் தண்ணீர். கழுவிவிடுவதற்குத் தனி. அது போடும் சாணம் 15 கிலோவுக்குக் குறையாது. இவ்வளவும் நடந்து நமக்குக் கிடைப்பது ஏழெட்டு லிட்டர் பால். அதாவது எட்டுக் கிலோ சரக்குக்காக முப்பது கிலோவை ஊருக்குள் ஏற்றி வந்து, பதினைந்து கிலோவை ஊரை விட்டு வெளியேற்ற வேண்டும். எந்தச் சரக்குப் போக்குவரத்து அதிகாரியும் இந்தக் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டார். ஆயிரம் எருமை இருந்தால் ஒரு நாளைக்கு 15 டன் சாணம். நான்கே நாளில் ஒரு சரக்கு வேகன் நிறைந்துவிடும்.

இதில் ஒரு பகுதி வறட்டியாகிறது. புறநகர் ரயிலில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பாதையோரச் சுவர் எல்லாம் கைரேகையோடு வறட்டி காயும். புகையைப் பொறுத்துக் கொண்டால் அது ஓர் எரிபொருள். மீதி? குழாயைத் திறந்து அடித்துச் சாக்கடையில் தள்ளி விடுகிறார்கள். சாக்கடை கால்வாயில் சேருகிறது. ஆதி கங்கை என்று புண்ணியப் பெயரும் டாலி நாலா என்று கும்பினிப் பெயரும் கொண்ட அந்த நீரோடை, மெட்ரோ தூண்களுக்கு அடியில் இன்று என்ன நிறத்தில் கிடக்கிறது என்று காளிகாட் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக் கழிவுதான் அதில் பெரும்பங்கு. ஆனால் சாணம் சேர்ந்தால் நிலைமை இரட்டிப்பாக மோசமாகிறது. திடப்பொருள் அடியில் படிந்து ஓட்டம் நிற்கிறது. நின்ற நீரில் கொசு வளர்கிறது. காற்றுப் படாமல் அழுகும் சாணம் மீத்தேனையும் நாற்றம் பிடித்த கந்தக வாயுவையும் கிளப்புகிறது. அதே சாணத்தை வயலில் சிதறினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, உரமாகிவிடுகிறது. பொருள் ஒன்றுதான், இடம் மாறியதும் குணம் மாறிவிடுகிறது.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு புறநகர்ப் பிரிவில், இடத்தின் பெயர் வேண்டாம், பாதைக்கு மிக அருகில் ஒரு காட்டால் இருந்தது. கழுவிய நீர் எங்கள் பக்கவடிகாலில் விழும். வடிகால் அடைத்துக் கொள்ளும். ஜல்லிக்கு அடியில் இருக்கும் மண்ணில் நீர் ஊறி, வண்டி ஓடும்போதெல்லாம் சேறு பிதுங்கி மேலே வரும். ஜல்லி சேற்றோடு இறுகிவிட்டால் ஸ்லீப்பருக்கு மெத்தை போன்ற தாங்குதல் போய்விடுகிறது, தண்டவாளம் தாழ்கிறது. ஆள் வைத்துத் தோண்டிச் சுத்தம் செய்வோம். அடுத்த மழைக்குப் பழைய கதைதான். வருஷத்தில் பல வாரம் அந்த இடத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு. வண்டியில் தொங்கிக் கொண்டு ஆபீசுக்கு ஓடும் ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் சில நிமிஷம் இழந்தார்கள். அது எந்தப் பாலின் விலையிலும் சேராத செலவு.

பாலுக்குச் சொந்தமான இன்னொரு கழிவும் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வங்காளத்தில் பாலில் கணிசமான பங்கு சானாவாகத் திரிக்கப்பட்டு ரசகுல்லாவும் சந்தேஷும் ஆகிறது. கிராமத்திலிருந்து துணி மூட்டையில் கட்டிய சானா, வியாபாரிகள் பெட்டியில் சொட்டச் சொட்ட நகரத்துக்கு வரும். அந்தப் புளித்த நீர் பெட்டியின் தரைத் தகட்டை அரிப்பதோடு நிற்காது, கீழே விழுந்து தண்டவாளக் கிளிப்பையும் அரிக்கும். பால் திரிந்த நீரைச் சாக்கடையில் விட்டால், அதைச் சிதைக்கத் தேவைப்படும் பிராணவாயு வீட்டுச் சாக்கடை நீருக்குத் தேவைப்படுவதைவிட நூறு மடங்குக்கும் மேல். 1965இல் முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென் அரசு சானா இனிப்புகளுக்கே தடை போட்டது. குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் பால் வேண்டும் என்பது காரணம். ஊரே கொந்தளித்தது. அந்த வம்புக்கு நான் போகவில்லை. சந்தேஷ் இல்லாத வங்காளத்தை எனக்கும் கற்பனை செய்ய முடியவில்லை.

காட்டால்களை வெளியேற்ற வேண்டும் என்பது புதிய எண்ணம் அல்ல. டாக்டர் பி.சி. ராய் முதலமைச்சராக இருந்த காலத்திலேயே நதியா மாவட்டத்தில் ஹரிங்காட்டா பண்ணை உருவானது. நகரத்து மாடுகளுக்கு அங்கே இடம் கொடுத்து, பாலை மட்டும் கல்கத்தாவுக்குக் கொண்டு வருவது திட்டம். கண்ணாடிப் பாட்டிலில் ஹரிங்காட்டா பால் வந்த நாளை நம் சங்கத்து மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 1959இல் கால்நடை உரிமச் சட்டமும் வந்தது. 1970இல் தொடங்கிய வெள்ளப் பெருக்குத் திட்டத்தின் முதல் குறியே பம்பாய், டில்லி, கல்கத்தா, மதராஸ் என்ற நான்கு நகரங்கள்தான். குஜராத்திலிருந்து ரயில் டாங்கரில் பால் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடி இங்கே வந்தது. டங்குனியில் மதர் டெய்ரி எழுந்தது. பிற்பாடு உயர் நீதிமன்றமும் காட்டால்களை அகற்ற உத்தரவிட்டது. போலீசும் மாநகராட்சியும் வந்து பல இடங்களில் அப்புறப்படுத்தினார்கள். 2020இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பால் பண்ணைகளுக்கும் கோசாலைகளுக்கும் விதிமுறைகள் வகுத்தது.

பலன் என்ன? நடு நகரத்தில் பெருமளவு குறைந்தது உண்மை. ஆனால் அகற்றிய மாடுகள் ஆகாயத்துக்குப் போய்விடவில்லை. ஓரமாக, கால்வாய்க் கரைக்கும் புறநகருக்கும் நகர்ந்தன. வேறு வழி? மாட்டைப் பிடித்து வண்டியில் ஏற்றுவது ஒரு நாள் வேலை. புல் விளையும் நிலம், தண்ணீர், வைத்தியர், பாலை அன்றாடம் நியாய விலைக்கு வாங்கும் ஏற்பாடு இவற்றைக் கொடுப்பது பல வருஷ வேலை. முதலாவதை அடிக்கடி செய்தோம். இரண்டாவதைப் பாதியில் விட்டோம். ஹரிங்காட்டா போன்ற ஓரிடத்தை ஒழுங்காக நடத்தாமல் காட்டால்காரரை மட்டும் விரட்டுவது, வண்டியை லூப் லைனில் நிறுத்திவிட்டு மெயின் லைன் காலி என்று கணக்கு எழுதுவது போலத்தான்.

நகரத்துக் கொட்டிலில் மாட்டின் பாடும் சொல்லத் தக்கதாக இல்லை. பால் வற்றியதும் அதற்குத் தீனி போடக் கட்டுப்படியாகாது. மறு ஈற்றுக்குக் காத்திராமல் கசாப்புக்குப் போகிறது. நல்ல கறவை இனங்கள் இப்படி ஒரு ஈற்றோடு அழிந்தது நாட்டுக்கே நஷ்டம். மாட்டின் உறுப்பில் காற்று ஊதிக் கறக்கும் 'பூக்கா' என்ற கொடுமையைப் பற்றிக் கல்கத்தாவிலிருந்து வந்த பிரசுரங்களைப் படித்துத்தான் காந்தியடிகள் பாலை விட நினைத்தார்; 1912இல் தென்னாப்பிரிக்காவில் விட்டும்விட்டார். 1960இல் வந்த பிராணி வதைத் தடைச் சட்டத்தில் பூக்காவுக்குத் தனிப் பிரிவே உண்டு.

மாட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் ஒரு கட்சியும் இப்போது கிளம்பியிருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2006இல் உலக வெப்ப வாயுக்களில் 18 சதவீதம் கால்நடைகளால் என்றது. 2013இல் அதை 14.5 சதவீதமாகத் திருத்தியது. அசை போடும் மாடு ஏப்பத்தில் மீத்தேன் விடுகிறது என்பது உண்மை. 2019 கணக்குப்படி நம் நாட்டில் மாடுகள் 19.25 கோடி, எருமைகள் 10.98 கோடி. மேல்நாட்டுப் பசுவைவிட நம் மாடு தனித்தனியே குறைவாகத்தான் விடுகிறது. ஆனால் பாலும் குறைவாகத் தருவதால் லிட்டர் கணக்கில் பார்த்தால் நம் பக்கம் கூடுதல். இதற்கு மாட்டை ஒழிப்பது பதில் அல்ல. மேய்ச்சலும் தீவனமும் நன்றாகக் கிடைத்தால் அதே மாடு அதிகம் கறக்கும். லிட்டர் கணக்கு தானாகக் குறையும். அதற்கும் மாடு புல் இருக்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

சாணத்துக்கு மதிப்பு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு தகவல். கர்நாடகத்தில் பந்திப்பூர் காட்டை ஒட்டிய கிராமங்களில் மாடுகள் காட்டில் மேய்ந்து ஊரில் போடும் சாணம், முன்பு அந்த ஊர் வயலுக்கே போனது. காப்பித் தோட்டங்கள் விலை கொடுத்து வாங்கத் தொடங்கியதும் லாரியில் வெளியேறியது. உலகச் சந்தையில் காப்பி விலை ஏறியபோது சாண விலையும் ஏறியது, மாடும் பெருகியது, காட்டின் மேய்ச்சல் சுமையும் கூடியது. எம்.டி. மதுசூதன் என்ற ஆய்வாளர் 2005இல் இதை விரிவாக எழுதினார். காப்பிக்கு ஊற்றும் பாலால் இங்கே கால்வாய் கெடுகிறது. காப்பிச் செடிக்குப் போடும் எருவால் அங்கே காடு தேய்கிறது. இரண்டிலும் சாணம் தன் நிலத்தை விட்டுப் போய்விட்டது.

சாண எரிவாயு வைக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். வைக்கலாம். ஒரு டன் சாணத்திலிருந்து சுமார் 40 கன மீட்டர் வாயு கிடைக்கும். ஒரு சமையல் சிலிண்டருக்கும் சற்று மேல். ஆனால் சாணமும் நீரும் சமஅளவில் கலந்தால்தான் கலன் ஒழுங்காக வேலை செய்யும். குழாயடியில் கரைத்து ஓடவிட்ட சாணம் அதற்கு உதவாது. பண்ணையில் முதலிலேயே தனியாக வழிக்க வேண்டும். அதற்கு இடம் வேண்டும். நகரத்துச் சந்தில் அது ஏது?

பாலைக் கொண்டு வருவது இனி கடினமே இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ரேணிகுண்டாவிலிருந்து டில்லிக்கு 'தூத் துரந்தோ' என்ற பால் வண்டி ஓடத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 40,000 லிட்டர் கொள்ளும் டாங்கர்கள், 2,300 கிலோமீட்டர், சுமார் 30 மணி நேரம். பழைய ரயில்காரன் என்பதால் கொஞ்சம் பெருமைப்பட்டுக் கொள்கிறேன், பொறுத்தருள்க. டில்லிக்கு அவ்வளவு தூரம் வர முடிந்த பால், நதியாவிலிருந்தும் ஹூக்ளியிலிருந்தும் நமக்கு வர முடியாதா? வந்து கொண்டுதான் இருக்கிறது. மதர் டெய்ரியின் இடத்தில் இன்று 'பாங்ளார் டெய்ரி' இருக்கிறது. அமுலும் பக்கத்து மாவட்டங்களில் கொள்முதல் செய்து இங்கேயே பாக்கெட் போடுகிறது. 'பாக்கெட் பால் பவுடர் பால்' என்ற பழைய சந்தேகத்துக்கு அந்தக் காலத்தில் காரணம் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து நன்கொடையாக வந்த பால் பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் கலந்துதான் ஆரம்பத்தில் பால் தயாரித்தார்கள். அதையே இன்றும் சொல்லிக் கொண்டிருப்பது, நீராவி எஞ்சின் கரி பறக்கும் என்று ஜன்னலை மூடுவது போல.

நம் சங்கத்துப் பொங்கல் விழா வருகிறது. வழக்கமாகப் பொங்கலுக்கும் பாயசத்துக்கும் காப்பிக்கும் பெரிய அளவில் பால் வாங்குவோம். கடந்த சில ஆண்டுகளாகப் பாதிக்கு மேல் கால்வாய்க் கரையிலிருந்துதான் வருகிறது என்று சமையல் பொறுப்பாளரே என்னிடம் சொன்னார். 'கெட்டியாக இருக்கிறது சார்' என்பது அவர் வாதம். கொழுப்பு அதிகமுள்ள பாக்கெட் பாலும் கிடைக்கிறது. லிட்டருக்குச் சில ரூபாய் கூடும். உறுப்பினர் தலைக்குப் பங்கிட்டால் ஒரு வெற்றிலைச் செலவு. கூடவே காட்டால்காரர்களுக்கு நிலமும் நீரும் கொள்முதலும் உள்ள மாற்று இடம் கேட்டு மாநிலக் கால்நடைத் துறைக்கு ஒரு மனுவும் அனுப்பலாம். வங்காளியிலும் ஆங்கிலத்திலும் தயார் செய்து வைத்திருக்கிறேன். செயற்குழு கூடும் நாளில் இரண்டையும் நான் முன்மொழியப் போகிறேன். வழிமொழிய யாராவது ஒருவர் வந்தால் போதும். எதிர்த்துப் பேச விரும்புகிறவர்களும் அவசியம் வாருங்கள், காப்பி உண்டு.