பிட்காயின்: எல் சால்வதோர் மக்கள் சொன்ன பதில்

மத்திய அமெரிக்காவில் எல் சால்வதோர் என்றொரு சிறிய நாடு இருக்கிறது. மீட்பர் என்பதே அப்பெயரின் பொருள். திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது 1980இல் சுட்டுக்கொல்லப்பட்ட பேராயர் புனித ஆஸ்கர் ரொமேரோவின் நாடு என்றால் நம் இறைமக்களில் பலருக்கு உடனே தெரியும். அண்மை ஆண்டுகளில் அந்நாடு வேறொரு காரணத்திற்காகச் செய்திகளில் அடிபட்டது. பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக ஏற்ற உலகின் முதல் நாடு அதுவே. 2021 செப்டம்பர் 7 அன்று அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் அந்நாட்டுப் பாராளுமன்றமே அதன் முக்கியப் பிரிவுகளை நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் அங்கே நடந்ததை நாம் கவனமாகப் பார்ப்பது நல்லது. ஏனெனில், கிரிப்டோ நாணயத்திற்கு நிலையான மதிப்பு உண்டா, அல்லது அது வெறும் ஊக வணிகமா என்ற கேள்வி நம் பங்குகளுக்கும் வந்துவிட்டது. "பிட்காயின் வாங்குவது பாவமா, ஃபாதர்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி, வாங்குவது என்ன பொருள் என்பதே.

பிட்காயின் என்பது கையில் பிடிக்கக்கூடிய காசு அல்ல. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை எழுதி வைக்கும் ஒரு கணக்குப் புத்தகம். அதன் நகல் உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் இருக்கிறது. ஏறக்குறைய பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அதில் ஒரு புதிய பக்கம் சேர்கிறது. அப்பக்கத்தைச் சேர்க்கும் உரிமைக்காகக் கணினிகள் மின்சாரத்தைச் செலவிட்டுப் போட்டியிடுகின்றன. வென்றவருக்குப் புதிய நாணயம் பரிசாகக் கிடைக்கிறது. சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் 2008 அக்டோபரில் இத்திட்டத்தை வெளியிட்டார். 2009 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கியது. மொத்தம் 2 கோடியே 10 இலட்சம் நாணயங்களுக்கு மேல் உருவாக முடியாது என்பது விதி. எந்த அரசும் நினைத்தபடி அச்சடிக்க முடியாது என்பதே அதன் ஆதரவாளர்களின் வலுவான வாதம். தாய்நாட்டுப் பணம் கண்முன்னே கரைவதைப் பார்த்த மக்கள் அதைக் கேட்டு ஈர்க்கப்படுவதில் வியப்பில்லை.

எல் சால்வதோருக்கு வருவோம். 2001 முதல் அங்கே அமெரிக்க டாலரே புழக்கத்தில் உள்ளது. அமெரிக்காவில் உழைக்கும் உறவினர்கள் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். வளைகுடாவிலிருந்து வரும் பணத்தை நம்பி வாழும் நம் கடலோரப் பங்குகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிட்காயின் வந்தால் பணம் அனுப்பும் கட்டணத்தில் ஆண்டுக்கு 40 கோடி டாலர் மிச்சமாகும், வங்கிக் கணக்கே இல்லாத ஏழைகளுக்கும் வழி பிறக்கும் என்று அதிபர் நயீப் புக்கேலே சொன்னார். 2021 ஜூன் தொடக்கத்தில் திட்டம் அறிவிக்கப்பட்டது. சில நாள்களிலேயே பாராளுமன்றத்தின் 84 உறுப்பினர்களில் 62 பேர் ஆதரவுடன் சட்டமாயிற்று. பொருள் விற்பவர் எவரும் பிட்காயின் கொடுத்தால் வாங்கியே ஆக வேண்டும் என்றது சட்டத்தின் 7ஆம் பிரிவு.

அரசு 'சீவோ' என்ற செல்பேசிச் செயலியை வெளியிட்டது. அதைப் பதிவிறக்கம் செய்தவர்களுக்கு 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் இலவசம். அங்கே அது இரண்டு மூன்று நாள் கூலி. இன்னொன்றையும் அரசு செய்தது. பிட்காயினாகப் பெற்றவர் விரும்பினால் உடனே டாலராக மாற்றிக்கொள்ள 15 கோடி டாலரை ஒதுக்கி வைத்தது. இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒன்றைப் பணம் என்று சட்டம் போட்டவர்களே, அதை வாங்கியவர் வேறு பணமாக மாற்றத்தான் ஓடுவார் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள்! அவர்கள் எதிர்பார்த்தது சரிதான். சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே பிட்காயினின் விலை ஏறக்குறைய 52 ஆயிரம் டாலரிலிருந்து ஒரு கட்டத்தில் 43 ஆயிரம் வரை இறங்கியது. தெருவோரத்தில் மாவு தட்டி 'புபூசா' சுட்டு விற்கும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் 20 டாலருக்கு விற்றதைப் பிட்காயினாக வாங்கி வைத்திருந்தால், மாலையில் மறுநாளைக்கு மாவும் சீஸும் வாங்கும்போது கை கடித்திருக்கும். அன்றாடம் முதல் போட்டு அன்றாடம் எடுக்கிறவருக்கு விலை என்றைக்காவது ஏறும் என்பது ஆறுதலே அல்ல.

மக்கள் என்ன செய்தார்கள்? அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் 2022இல் அந்நாட்டின் 1,800 குடும்பங்களிடம் விசாரித்தார்கள். செயலியைப் பதிவிறக்கியவர்களில் 60 விழுக்காட்டினருக்கு மேல், இலவசமாகக் கிடைத்த 30 டாலரைச் செலவழித்த பிறகு அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. தொடர்ந்து பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் படித்த, வங்கிக் கணக்குள்ள இளம் ஆண்கள். வங்கி எட்டாத ஏழைக்கென்று சொல்லப்பட்ட திட்டம் ஏழையைத் தொடவே இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் கிரிப்டோ வழியாக வந்தது 2022, 2023 ஆண்டுகளில் 2 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

சான் சால்வதோரில் இயேசு சபையினர் நடத்தும் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலும் ஒரு கருத்தாய்வு மையம் உண்டு. 1986இல் அதைத் தொடங்கியவர் அருள்பணி இஞ்ஞாசியோ மார்த்தின்-பாரோ. ஆட்சியாளர்கள் மக்களின் பெயரால் பேசும்போது, மக்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்டுச் சொல்ல வேண்டும் என்று எண்ணியவர். 1989 நவம்பர் 16 அன்று அப்பல்கலைக்கழக வளாகத்தில் படைவீரர்களால் கொல்லப்பட்ட ஆறு இயேசு சபைக் குருக்களில் அவரும் ஒருவர். அவர் விட்டுச்சென்ற மையம் பிட்காயின் பற்றியும் ஆண்டுதோறும் மக்களிடம் கேட்டது. 2023இல் பிட்காயினைப் பயன்படுத்தவே இல்லை என்றவர்கள் 88 விழுக்காட்டினர். 2024இல் ஏறக்குறைய 92 விழுக்காட்டினர்.

இந்த 2024 என்ற ஆண்டைத்தான் நான் மீண்டும் மீண்டும் எண்ணிப்பார்க்கிறேன். அந்த ஆண்டில் பிட்காயினின் விலை இரு மடங்குக்கும் மேல் உயர்ந்து, டிசம்பரில் முதன்முறையாக ஒரு இலட்சம் டாலரைத் தாண்டியது. எல் சால்வதோர் அரசு வாங்கி வைத்திருந்த நாணயங்கள் கணக்கில் நல்ல இலாபம் காட்டின. சட்டப்படி அது செல்லும் பணமாக இருந்த ஒரே நாட்டில், அதே ஆண்டில், பயன்படுத்தியவர் எண்ணிக்கை மேலும் குறைந்தது. விலை ஏறுகிறது, பயன் குறைகிறது என்றால், அந்த விலை எங்கிருந்து வருகிறது? நாளை இன்னொருவர் இதைவிட அதிகம் தருவார் என்ற எதிர்பார்ப்பிலிருந்து வருகிறது. ஊக வணிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. வயல் விளைச்சல் தருகிறது, வீடு வாடகை தருகிறது, தொழிற்சாலை பொருள் தருகிறது. பிட்காயின் இவற்றில் எதையும் தருவதில்லை. முன்னால் வந்தவர் எடுத்துச் செல்லும் இலாபம், பின்னால் வந்தவர் போட்ட பணம்தான்.

"அப்படியானால் தங்கம் மட்டும் என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெட்டியில் இருக்கும் பவுனும் வட்டி தருவதில்லை. அதன் விலையிலும் பெரும்பகுதி நம்பிக்கைதான். ஆனாலும் விலை சரிந்தாலும் தங்கத்தை அணிய ஆள் உண்டு, அடகு பிடிக்க ஒவ்வோர் ஊரிலும் கடை உண்டு, ஆயிரமாயிரம் ஆண்டுகளின் பழக்கம் உண்டு. பிட்காயின் பிழைத்திருப்பது இன்னும் இருபது ஆண்டுகள்கூட இல்லை. இத்தனை சரிவுகளுக்குப் பிறகும் அது அழியவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். நாளையே மறைந்துவிடும் என்று சொல்வோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. நிலைத்திருப்பது வேறு, குடும்பச் சேமிப்பை ஒப்படைக்கும் அளவுக்கு நம்பத்தக்கதாக இருப்பது வேறு. 2021 நவம்பரில் 69 ஆயிரம் டாலர் வரை போனது, ஓராண்டில் 16 ஆயிரத்துக்குக் கீழே வந்தது. 2025 அக்டோபரில் ஒரு இலட்சத்து 26 ஆயிரத்தைத் தொட்டது, அடுத்த மாதமே 90 ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. மகளின் திருமணத்திற்கு நாள் குறித்த தந்தை இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடியுமா? மற்ற ஆயிரக்கணக்கான நாணயங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 80 டாலருக்கு மேல் விற்ற 'லூனா' என்ற நாணயம் 2022 மே மாதத்தில் ஒரே வாரத்தில் செல்லாக்காசாகியது.

பணத்தை அனுப்பவும் சேமிக்கவும் டாலருடன் இணைக்கப்பட்ட கிரிப்டோ நாணயங்களைச் சில நாடுகளில் மக்கள் பயன்படுத்துகிறார்கள். அங்கே அவர்கள் நாடுவது டாலரின் நிலையான மதிப்பை. கிரிப்டோ வெறும் வாகனம். தொழில்நுட்பத்தில் பயனில்லை என்று நான் சொல்லவில்லை.

எல் சால்வதோர் கடைசியில் பன்னாட்டு நிதியத்திடம் 140 கோடி டாலர் கடன் கேட்டுச் சென்றது. 2024 டிசம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பிட்காயினை வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நீக்கப்பட்டது. வரியையும் டாலரில்தான் கட்ட வேண்டும் என்றாயிற்று. புபூசா விற்கும் பெண்களுக்கு இதனால் ஒரு மாற்றமும் இல்லை. அவர்கள் முன்பே டாலருக்குத் திரும்பியிருந்தார்கள்.

நம் நாட்டில் கிரிப்டோ நாணயம் சட்டப்படி செல்லும் பணம் அல்ல. ஆனால் வாங்கி விற்கத் தடையும் இல்லை. 2022 ஏப்ரல் முதல் அதில் வரும் இலாபத்திற்கு 30 விழுக்காடு வரி. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் இலாபத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. வரி வாங்குகிறார்கள் என்பதால் அரசு உத்தரவாதம் தருகிறது என்று சிலர் எண்ணுகிறார்கள், அது தவறு. 2024 ஜூலையில் 'வசீர்எக்ஸ்' என்ற இந்தியப் பரிமாற்றத் தளத்திலிருந்து ஏறக்குறைய 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. அதில் வைத்திருந்தவர்கள் தங்கள் நாணயங்களை எடுக்க ஓராண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. வங்கி வைப்புக்கு உள்ள காப்பீடு இதற்குக் கிடையாது. ஆள் சேர்த்தால் கமிஷன் என்று, உறவினர் வழியாகவும் அன்பியத்தில் பழகியவர் வழியாகவும் வரும் 'காயின்' திட்டங்களைப் பொறுத்தவரை விவாதமே தேவையில்லை. அவை மோசடி.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடன் வாங்கிப் போட்டிருந்தால் விற்று முதலில் கடனை அடையுங்கள். சொந்தப் பணம், போனாலும் குடும்பம் தாங்கும் என்றால், அது உங்கள் விருப்பம். ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் வைத்திருக்காதீர்கள். தனிப்பட்ட வாலட்டில் வைத்திருந்தால் அதன் இரகசியச் சொற்கள் உங்களோடு போய்விடும். பிறகு உங்கள் மனைவி எந்த அலுவலகத்தில் போய் எந்தச் சான்றிதழைக் காட்டினாலும் அதைத் திறந்து கொடுக்க யாராலும் முடியாது.