பத்துக்கு ஒன்று!

போலந்தின் தலைநகர் வார்சாவில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஷோப்பன் பியானோ போட்டி நடக்கும். 1927-ல் ஆரம்பித்தது. முதல் சுற்றிலிருந்து இறுதிச் சுற்று வரை ஷோப்பன் எழுதிய இசையை மட்டும்தான் வாசிக்க வேண்டும். 2015-ல் ஜெயித்தவர் சியோங்-ஜின் சோ, தென் கொரியாக்காரர், வயது 21.

போட்டி முடிந்ததும் யார் யாருக்கு எவ்வளவு போட்டார் என்று நடுவர்களின் மார்க் பட்டியலை வெளியிட்டார்கள். மொத்தம் 17 நடுவர்கள். இறுதிச் சுற்றில் பத்துக்கு எத்தனை என்று மார்க். சோவின் பெயருக்கு நேரே பெரும்பாலும் 9, அங்கங்கே 10. நடுவில் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் 1!

அச்சுப்பிழை இல்லை. போட்டவர் ஃபிலிப் ஆன்ட்ரெமோன், பிரான்ஸின் மூத்த பியானோ கலைஞர். ஏன் போட்டார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம். அப்படியும் சோவுக்குத்தான் முதல் பரிசு.

பட்டியலைப் பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். நான் பேப்பரும் பேனாவும் எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் கூடவே வாருங்கள், பெரிய கணக்கு இல்லை.

ஐந்து நடுவர்கள், 25-க்கு மார்க் என்று வைத்துக்கொள்வோம். முதல் பையனுக்கு ஐந்து பேரும் 21 போடுகிறார்கள். சராசரி 21. இரண்டாவதாக வாசித்த பெண்ணுக்கு நாலு பேர் 24, ஒருவர் மட்டும் 5. சராசரி 20.2. நாலு பேர் அவள்தான் உசத்தி என்று சொல்லியும் பையன் ஜெயித்துவிடுகிறான். அந்த ஐந்தாவது ஆள் தன் ஓட்டை மட்டும் போடவில்லை, மற்ற நாலு பேரின் ஓட்டையும் சேர்த்துச் செல்லாததாக்கிவிட்டார்.

இதைத் தடுக்க வார்சாவில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஒரு நடுவரின் மார்க் சராசரியை விட்டு ரொம்ப விலகினால், அதைக் குறிப்பிட்ட எல்லைக்குள் இழுத்துவிடுவார்கள். நம் கணக்கில் எல்லை 3 மார்க் என்றால், அந்த 5 என்பது 17.2 ஆகும். 24 எல்லாம் 23.2 ஆகும். புதுச் சராசரி 22. பெண் ஜெயித்தாள்.

இன்னொரு விதியும் உண்டு. தன்னிடம் படிக்கும் மாணவருக்கு நடுவர் மார்க் போடக் கூடாது. 2021-ல் ஜெயித்த ப்ரூஸ் லியுவின் ஆசிரியர் டாங் தாய் சோன் அப்போது நடுவர்களில் ஒருவர். மற்றவர்களுக்கெல்லாம் போட்டவர், தன் சிஷ்யன் வாசித்தபோது பேனாவை மூடி வைக்க வேண்டியதுதான்.

சரி, விதிகள் வந்தாயிற்று, பிரச்னை தீர்ந்ததா? மூன்றாவதாக ஒருவரை மேடையேற்றுவோம். இரண்டு பேர் 25, இரண்டு பேர் 15, ஒருவர் 20. சராசரி 20. இப்போது விதியைப் போடுங்கள்: 23, 23, 17, 17, 20. சராசரி அதே 20! ஒரு எதிரியிடமிருந்து காப்பாற்றும் விதி, சபையையே இரண்டாகப் பிளக்கிறவரை ஒன்றும் செய்வதில்லை. யாரும் குறை சொல்லாத 21-க்குப் பின்னால்தான் அவர் நிற்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஒருவர்தான் 1980-ல் அதே வார்சாவுக்கு வந்தார். ஐவோ பொகொரெலிச், யுகோஸ்லாவியா. ஷோப்பன் எழுதிவைத்த வேகத்தையும் அழுத்தத்தையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி வாசித்தார். இவரை இரண்டாவது சுற்றுக்கு அனுப்பியதே தப்பு என்று லூயிஸ் கென்ட்னர் என்ற நடுவர் விலகினார். மூன்றாவது சுற்றோடு அவரை வெளியே அனுப்பினார்கள். இவர் மேதை, இவரையா அனுப்புகிறீர்கள் என்று இன்னொரு நடுவர் விலகினார். அவர் மார்த்தா ஆர்கெரிச், 1965-ல் இதே போட்டியில் முதல் பரிசு வாங்கியவர். ஒரே ஆள், ஒரே வாசிப்பு. உள்ளே விட்டதற்கு ஒரு ராஜினாமா, வெளியே தள்ளியதற்கு ஒரு ராஜினாமா!

பொகொரெலிச்சுக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. தோற்றதாலேயே உலகப் புகழ் வந்தது, இசைத்தட்டுகள் வந்தன. எனக்கு மனசு கனத்தது வேறொருவருக்காக.

அந்த வருஷம் முதல் பரிசு வாங்கியவர் யார்? பலருக்கு நினைவிருக்காது. கொஞ்சம் முன்னால் சொன்னேனே, சிஷ்யன் வாசிக்கும்போது பேனாவை மூடி வைத்தவர், அதே டாங் தாய் சோன்தான். ஹனோயில் பிறந்தவர். அம்மாதான் முதல் பியானோ டீச்சர். வியட்நாம் போருக்கு நடுவே விரல் பழகி, மாஸ்கோ போய்ப் படித்து, 22 வயதில் இந்தப் போட்டியை ஜெயித்த முதல் ஆசியர். பொகொரெலிச்சும் 1958-ல் பிறந்தவர்தான், அவரும் மாஸ்கோவில் படித்தவர்தான். ஆனால் 1980 என்றாலே இன்றைக்கும் முதலில் வருவது தோற்றவரின் கதை. ஜெயித்த பையன் தப்பாக வாசித்தானா, ஏமாற்றினானா? ஒன்றும் இல்லை. இரண்டு நடுவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போன வருஷத்தில் அவன் நன்றாக வாசித்துவிட்டான், அவ்வளவுதான்.

சியோங்-ஜின் சோ ஜெயித்த 2015-ன் மார்க் பட்டியலை மறுபடி எடுத்து நடுவர்களின் பெயர்களைப் படித்தேன். அந்தப் பதினேழு பேரில் மார்த்தா ஆர்கெரிச் இருக்கிறார். டாங் தாய் சோனும் இருக்கிறார்.