கொடுவாவுக்கு எந்தக் கோல்?

"மூங்கில் கழியில் நூலைக் கட்டினால் தூண்டில். இதைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது?" என்று என் சகதர்மிணி கேட்டாள். சில மாதங்களுக்கு முன்பு வரையில் நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். சதுரங்கப்பட்டினத்துக் கழிக்கரையில் ஒரு மாலை வேளை நின்ற பிறகுதான் அந்த அபிப்பிராயம் மாறியது.

என் தமக்கையின் புதல்வனுக்குப் புதிதாக உத்தியோகம் ஆகியிருக்கிறது. முதல் மாதச் சம்பளத்தில் தாயாருக்கு ஒரு புடவையும் தகப்பனாருக்கு ஒரு மூக்குக் கண்ணாடியும் வாங்கினான். மீதியில் தனக்கென்று ஒரு தூண்டிற்கோல் வாங்கினான். அமெரிக்கர்கள் தங்கள் ஏரிகளில் 'பாஸ்' என்னும் மீனைப் பிடிக்கும் சலனப்படங்களைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து அந்த மோகம் அவனைப் பிடித்திருந்தது. அமெரிக்க ஏரிப் பாஸ் நம் ஊரில் இல்லை. ஆனால் 'ஆசியக் கடற்பாஸ்' என்று வெள்ளைக்காரர்கள் பெயர் சூட்டியிருக்கும் மீன் நம்முடைய கொடுவாதான். ஆஸ்திரேலியாவில் 'பாரமுண்டி' என்று கொண்டாடுகிறார்களே, அதுவும் இதே கொடுவாதான். இரண்டு பாஸும் வேறு வேறு குலம். ஆயினும் மரவேர், பாலத்தூண் முதலியவற்றின் நிழலில் பதுங்கியிருந்து சிறு மீன் மேல் பாய்வதில் இரண்டும் ஒரே குணம். ஆகையால் ஒன்றைப் பிடிக்கும் முறை மற்றொன்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கடைக்காரர் என் மருமானிடம், "பெரிய மீன் என்றால் பெரிய கோல்" என்று ஒரே வாக்கியத்தில் உபதேசம் செய்து, கடையிலேயே மிகக் கடினமான கோலை எடுத்துக் கொடுத்துவிட்டார். உலக்கையைப் போல இருந்தது அது.

சதுரங்கப்பட்டினம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே தங்கிச் செங்கற்கோட்டை கட்டி, நம் நெசவாளர்களின் மெல்லிய துணிகளைக் கப்பலேற்றினார்கள். 1782-ஆம் வருஷம் பிப்ரவரி 17-ஆம் தேதி இந்தக் கரைக்கு எதிரேதான் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலேயர் கப்பற்படையும் மோதின. இன்று கோட்டைக்குள் புல்லும் சமாதிக் கற்களும் இருக்கின்றன. வெளியே மீனவர்கள் வலை உலர்த்துகிறார்கள். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும், தெற்கே பாலாற்றின் முகத்துவாரமும் இருக்கின்றன. உப்புநீரும் நன்னீரும் கலக்கும் இந்த மாதிரி இடம்தான் கொடுவாவுக்கு உகந்த இடம்.

நாங்கள் போன அன்று நீர் வற்றத் தொடங்கும் வேளை. மருமான் எடை குறைந்த பொய் இரையைக் கட்டி வீசினான். கடினமான கோல் அந்தச் சிறு எடைக்கு வளையவேயில்லை. இரை பத்தடி தூரத்தில் 'தொப்'பென்று விழுந்தது. ரீலோ சுழன்றுகொண்டே இருந்தது. சிக்கெடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு கனமான இரையைக் கட்டினான். நாலாவது வீச்சில் தண்ணீர் பிளந்தது. முழங்கை நீளத்துக்கு மேல் வெள்ளியாய் ஒரு மீன் துள்ளித் தலையை உதறிற்று. மருமான் ரீலின் பிடியை முடிந்தவரையில் முடுக்கி வைத்திருந்தான். கோல் வளைந்துகொடுக்கவில்லை, ரீல் நூலை விடவில்லை. 'பட்' என்று ஓர் ஓசை கேட்டது, அவ்வளவுதான்.

சற்றுத் தள்ளிக் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர் அருகில் வந்து, கோலை வாங்கி ஒரு முறை அசைத்துப் பார்த்தார். "தம்பி! கோல் வளையாவிட்டால் நரம்புதானே அறும்? எனக்குக் கோல் கிடையாது; என் கைதான் வளைகிறது" என்றார்.

மருமான் கோலைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ பேசவில்லை. "மாமா, அந்த இரையில் ஆறு முள் இருந்தது. அது வாயில் தைத்துக்கொண்டு போய்விட்டதே! இனி அந்த மீன் எப்படி இரை தின்னும்?" என்றான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது இருவரும் பேசவேயில்லை.

கோலைத் தேர்ந்தெடுப்பது வெறும் பொழுதுபோக்குச் சமாசாரம் அல்ல என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கோல் மிகக் கடினமானால் நரம்பு அறும், அல்லது மீனின் வாய் கிழியும். மிக மெலிதானால் மீனை வெகு நேரம் போராட வைத்துக் களைக்க வைக்கும்; அப்படிக் களைத்த மீனைத் திரும்ப விட்டாலும் அது பிழைப்பது நிச்சயமில்லை. எப்படியும் தவறான கோலுக்கு விலை கொடுப்பது மீன்தான்.

பிறகு தெரிந்தவர்களை விசாரித்தும், புத்தகங்களைப் புரட்டியும் நாங்கள் கற்றுக்கொண்டதை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, கோலில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் ரீல் கோலின் கீழே தொங்கும். அதன் வளையங்கள் பெரியவை. மற்றொன்றில் ரீல் கோலின் மேலே உட்கார்ந்திருக்கும், வளையங்கள் சிறியவை, பிடியின் அடியில் விரலுக்குத் துப்பாக்கி விசை போன்ற ஒரு கொக்கி இருக்கும். இந்த இரண்டாவதுதான் 'காஸ்டிங்' கோல். இதில் சுழலும் உருளையைக் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு அடக்க வேண்டும். விரல் பழகிவிட்டால் இரையைக் குறித்த இடத்தில் இறக்கலாம். பழகாத வரையில் சிக்கெடுப்பதே வேலையாக இருக்கும். ஏழெட்டுக் கிராமுக்குக் குறைந்த இரைகளை இதில் வீசுவது கடினம். அவசரக்காரர்களுக்கு முதல் ஜாதியே சிலாக்கியம்.

இரண்டாவது, நீளம். நீண்ட கோல் தூரம் வீசும். குட்டைக் கோல் குறி தவறாது. கால்வாய்ப் பாலத்தடியிலும், கரையில் கவிந்த கருவேலங்கிளைகளின் கீழும் வீசுவதற்கு ஆறரை அடியிலிருந்து ஏழடி வரை போதும். பஸ்ஸில் போகிறவர்கள் இரண்டு துண்டாகக் கழற்றும் கோலை வாங்குவதில் தவறில்லை.

மூன்றாவது, வலு, நான்காவது, வளைவு. இவ்விரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் என் மருமான் ஏமாந்தான். கோலை வளைக்க எவ்வளவு சக்தி வேண்டும் என்பது வலு. வளையும்போது எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது வளைவு. நுனி மட்டும் வளைந்தால் அது விரைவுக் கோல். ஒற்றை முள் வைத்த ரப்பர் இரையை வீசி, முள்ளைச் சட்டென்று தைப்பதற்கு ஏற்றது. நடுவிலிருந்து வளைவது நிதானக் கோல். மும்முள் தொங்கும் மரமீன், பிளாஸ்டிக் மீன் முதலிய இரைகளுக்கு ஏற்றது. கொடுவா துள்ளித் தலையை உதறும்போது கோல் கூடவே வளைந்து நிமிர்ந்து, நரம்பைத் தொய்யவிடாமல் காக்கும். நம் கழிகளில் கிடைக்கும் கொடுவாவுக்கு நடுத்தரத்துக்குச் சற்று மேலான வலுவும், நுனிக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட வளைவும் உள்ள கோல் பெரும்பாலும் போதும். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பார்கள். கோல் விஷயத்தில் கடையில் வளையாதது கழிக்கரையிலும் வளையாது.

ஐந்தாவது, எழுத்து. பிடிக்குச் சற்று மேலே ஒவ்வொரு கோலிலும் பொடி எழுத்தில் இரண்டு கணக்குகள் அச்சிட்டிருக்கும். ஒன்று இரையின் எடை. மற்றொன்று நரம்பின் தாங்குசக்தி. அரை அவுன்ஸ் என்பது 14 கிராம். ஒரு அவுன்ஸ் 28 கிராம். நீங்கள் வீசப்போகும் இரை அந்த எல்லைக்குள் நடுவில் விழ வேண்டும். நரம்பு 20 பவுண்டு தாங்குமென்றால், ரீலின் பிடியை 5 அல்லது 6 பவுண்டு இழுப்புக்கே நூல் விடும்படி வைக்க வேண்டும். வீட்டில் தொங்கு தராசு இருந்தால் நூலைக் கட்டி இழுத்துப் பார்த்துவிடலாம். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போன்றது. ஆகையால் நுனியில் இரண்டு முழத்துக்குத் தடித்த தங்கூசி நரம்பைச் சேர்த்துக் கட்டுவது அவசியம்.

ஆறாவது, சோதனை. கடையிலேயே ரீலைப் பூட்டி, ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் கோலை நிறுத்திப் பாருங்கள். நுனி தரையைப் பார்த்துத் தொங்கினால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். பிறகு ஒரு சிறு பஞ்சுத் திரியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுழற்றுங்கள். பஞ்சு எங்கேயாவது சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது. அந்தக் கீறல் நரம்பை அறுத்துவிடும். தினசரி உபயோகத்தில் உப்பு பெரிய சத்துரு. வீட்டுக்கு வந்ததும் கோலையும் ரீலையும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும்.

ஏழாவதை எல்லாவற்றுக்கும் மேலாகப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். இக்காலத்துக் கோல்கள் பெரும்பாலும் கார்பன் நாரால் ஆனவை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகளின் கீழே இந்தக் கோலை உயர்த்துவதும், இடி மின்னலில் கையில் வைத்திருப்பதும் உயிருக்கு ஆபத்து. கல்பாக்கத்து அணுமின் நிலையம் பக்கத்தில் இருப்பதால், பாதுகாப்பு எல்லை எது என்று உள்ளூராரைக் கேட்டுக்கொண்டே கரையில் இறங்க வேண்டும்.

மூங்கிலை மட்டும் யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சீமான்கள் பிடித்த உயர்ந்த கோல்கள் பலவும் 'கல்கத்தா மூங்கில்' என்ற பெயரில் நம் நாட்டிலிருந்து கப்பலேறிய மூங்கிலால் ஆனவை. அதை ஆறு பட்டைகளாகச் சீவி, பசை வைத்து ஒட்டி, பட்டு நூல் சுற்றி விற்றார்கள். பிற்பாடுதான் சீன தேசத்து மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது. சென்னை ராஜதானியில் சிவில் உத்தியோகம் பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' என்று நம் நாட்டுத் தூண்டில் மீன்பிடியைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். மூங்கில் நம்முடையது, ஆறு நம்முடையது, மீனும் நம்முடையது. கோலைச் செய்யும் தொழிலை மட்டும் நாம் கற்றுக்கொள்ளாமல் விட்டோம். இன்றும் கடையில் தொங்கும் கோல்களில் எத்தனை நம் நாட்டில் செய்தவை என்று பார்த்தால் நமக்கே வெட்கமாயிருக்கும்.

இனி மீனைப் பற்றி ஒரு வார்த்தை. கொடுவாவின் வாழ்க்கை விசித்திரமானது. இளமையில் அது பெரும்பாலும் ஆண். சில வருஷங்கள் வளர்ந்து, சுமார் 80 சென்டிமீட்டரைத் தாண்டும் பருவத்தில் பெண்ணாக மாறுகிறது. அதாவது, பெரிய மீன்களில் பெரும்பாலானவை தாய்மார்கள். கழியில் வளர்ந்த மீன் முட்டையிட முகத்துவாரத்தையும் கடலையும் நாடிப் போகும். சென்னையில் 1987-இல் நிறுவப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1997-இல் கொடுவாவை அடைப்பில் வைத்தே இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். அவர்களுடைய சோதனைப் பண்ணை இதே கடற்கரையில் முட்டுக்காட்டில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும், 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். பொழுதுபோக்குக்காகத் தூண்டில் பிடிக்கும் நாம் குஞ்சையும் தாயையும் விட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும்? கைத்தூண்டிலில் பிழைக்கும் பெரியவருக்கு ஒரு மீன் ஒரு நாள் அடுப்பு. அவரிடம் போய் இந்த உபதேசத்தைச் செய்ய நமக்கு உரிமை கிடையாது. நம் வீட்டு அடுப்பு நம் தூண்டிலை நம்பி எரியவில்லை.

மூன்று மாதச் சேமிப்பில் மருமான் மறுபடியும் ஒரு கோல் வாங்கினான். இந்தத் தடவை நானும் கூடப் போனேன். பஞ்சுத் திரியும் கொண்டு போனேன். கடைச் சிப்பந்தி எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார், அதனால் என்ன? சதுரங்கப்பட்டினத்தில் அவன் பிடித்தது ஒன்றரைக் கிலோவுக்கு உட்பட்ட ஒரு கொடுவா. புதுக் கோல் அழகாக வளைந்தது. பெரியவர் தூரத்திலிருந்தே தலையை ஆட்டினார். மீனை இழுத்ததும் மருமான் செய்த முதல் காரியம், அதன் வாயைத் திறந்து பார்த்தது. பழைய முள் ஒன்றும் அங்கே இல்லை. அது வேறு மீன் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இருந்தாலும் அவன் பார்த்தான், நானும் பார்த்தேன்.

அந்தப் பழைய கோல் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். என் தமக்கை அதை எடுத்து, உயரத்தில் கட்டிய கொடியில் புடவை உலர்த்த வைத்துக்கொண்டாள். அந்த வேலைக்கு வளையாத கோல்தானே வேண்டும்!