மிருதங்கப் பிள்ளைகளுக்கு ஜாஸும் வேண்டும்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் பின்னேரம் ஆறு மணிக்கு மிருதங்கம் கேட்கும். கரையோர ரயில் போகும்போது மட்டும் அமுங்கும். அதைப் பழகும் பிள்ளைகளுக்கு நான் ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயரைப் போட்டுக் காட்டுகிறேன். 1971இல் அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். பியானோவைத் தானாகவே பழகியவர். அவருடைய 2009ஆம் ஆண்டு இசைத்தட்டு 'ஹிஸ்டோரிசிட்டி'யில் பியானோவும் பேஸும் டிரம்ஸும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும்போது, தனி ஆவர்த்தனம் கேட்டு வளர்ந்த காது நிமிர்கிறது. நான் கண்ணால் கண்டது.

ஜாஸ் நமக்கு அந்நியமும் அல்ல. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜோன் கோல்ட்ரேன் தன் மகனுக்கு சிதார் மேதை ரவி சங்கரின் பெயரை வைத்தார். ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டன் 1963இல் இலங்கைக்கே வந்தார். அந்தக் கீழைப் பயணத்தின் நினைவில்தான் அவருடைய 'ஃபார் ஈஸ்ட் சூட்' இசைத்தட்டு பிறந்தது. இப்படிப்பட்ட ஜாஸை இன்னும் 'ஹோட்டல் பாட்டு' என்று பெற்றோர் தள்ளிவைப்பது எனக்கு வலிக்கிறது. அரங்கேற்றத்துக்கு அள்ளிச் செலவழிக்கும் வீடுகள் மாதத்தில் ஒரு பின்னேரமாவது பிள்ளைகளுக்கு இதைக் கேட்கக் கொடுக்கட்டும்.